ட்ரெல்லோ போர்டு அழிந்தால் திரும்ப வருமா? – வாசகர் கேள்வி பதில்

அலுவலக வேலைகளை ட்ரெல்லோ, ஆசனா போன்ற ஆன்லைன் கருவிகளில் நடத்தும் வாசகர்கள், அதில் சேர்ந்துவிட்ட தகவலை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துவது பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த முறை. பாதிக்கு மேல் ட்ரெல்லோவைப் பற்றியவை என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. ட்ரெல்லோவில் ஒரு திட்டத்துக்கு ஒரு போர்டு; போர்டுக்குள் லிஸ்ட்டுகள், லிஸ்ட்டுக்குள் வேலைக்கு ஒன்றாகக் கார்டுகள்.

கேள்வி: எங்கள் உள் அலங்கார நிறுவனத்தில் எட்டுப் பேர், ஆறு ட்ரெல்லோ போர்டுகள். இலவசக் கணக்குதான். பேக்கப் எடுக்கப் பணம் கட்டிய கணக்கு வேண்டுமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். இலவசக் கணக்கிலும் ஒவ்வொரு போர்டையும் ஜேசன் (JSON, நிரல்கள் படிப்பதற்கான எழுத்து வடிவம்) கோப்பாக எடுக்கலாம். கணினி பிரவுசரில் போர்டைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் 'பிரிண்ட், எக்ஸ்போர்ட் அண்ட் ஷேர்' என்பதற்குப் போங்கள். அங்கே 'எக்ஸ்போர்ட் ஆஸ் ஜேசன்' இருக்கும். சொடுக்கியதும் சில பிரவுசர்களில் கோப்பு இறங்காமல், பக்கம் முழுக்க எழுத்தும் அடைப்புக்குறியுமாகத் திறக்கும். பயப்பட வேண்டாம், அதுதான் உங்கள் போர்டு. ஆனால் அதை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டாதீர்கள். பெரிய போர்டு என்றால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கன்ட்ரோல்-எஸ் அழுத்தி நேரடியாகக் கோப்பாகச் சேமியுங்கள். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி இருக்கட்டும்: 'தளவேலை-2025-03-14' என்பதுபோல. அப்போதுதான் ஃபோல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

எக்செலில் திறக்கும் அட்டவணையான சி.எஸ்.வி. கோப்பும், ஒர்க்ஸ்பேஸில் (உங்கள் குழுவின் போர்டுகள் சேர்ந்திருக்கும் இடம்) இருக்கும் எல்லா போர்டுகளையும் அட்டாச்மென்ட்டுகளோடு ஒரே ஜிப்பாக எடுக்கும் வசதியும் பிரீமியம் திட்டத்திலிருந்துதான் கிடைக்கும். ஆறு போர்டுக்காக மட்டும் அதற்குப் போக வேண்டியதில்லை. மாதச் சந்தாவாக ஒரே ஒரு மாதம் கட்டி, முழு ஜிப்பை எடுத்துக்கொண்டு திரும்ப இலவசத்துக்கு வருபவர்களும் உண்டு. திட்டம் முடிந்து போர்டுகளை மூடும் சமயத்தில் அது நல்ல வழி.

ஜேசன் கோப்பில் லிஸ்ட், கார்டு, விளக்கம், லேபிள், கெடு தேதி, செக்லிஸ்ட், அதில் எது டிக் ஆனது, யார் பொறுப்பு, எல்லாம் இருக்கும். ஆர்க்கைவ் செய்த, அதாவது அழிக்காமல் ஒதுக்கி வைத்த கார்டுகளும் இருக்கும். இல்லாதவை இரண்டு. ஒன்று, அட்டாச்மென்ட் கோப்புகள். அவற்றின் சுட்டி மட்டுமே இருக்கும், படமோ பி.டி.எஃப்-ஓ உள்ளே வராது. இரண்டாவது, பலருக்கும் தெரியாமலே கையைச் சுடுவது: ஒரு ஜேசன் எக்ஸ்போர்ட்டில் போர்டின் கடைசி 1,000 செயல்கள் மட்டுமே வரும். ட்ரெல்லோவின் கணக்கில் கமென்ட்டும் ஒரு செயல், கார்டை ஒரு லிஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதும் ஒரு செயல், கெடு தேதியை மாற்றுவதும் ஒரு செயல். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து என்று வைத்தாலே நாளைக்கு 40. இருபத்தைந்து வேலை நாளில் ஆயிரம் தீர்ந்துவிடும். அதற்கு முன் எழுதிய கமென்ட்டுகள் போர்டில் பத்திரமாக இருக்கும், உங்கள் பேக்கப்பில் இருக்காது. வாடிக்கையாளர் 'இந்த டைல்ஸ் போதும்' என்று ஒப்புக்கொண்டது பெரும்பாலும் கமென்ட்டில்தானே இருக்கிறது?

கேள்வி: என் பேக்கப்பில் கமென்ட் எதுவும் விடுபடவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?
– மென்பொருள் சோதனையாளர், சென்னை

பதில்: கோப்புக்குள்ளேயே அதற்கான கணக்கு இருக்கிறது. ஜேசனில் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே 'பேட்ஜஸ்' என்று ஒரு பகுதி வரும். கார்டின் முகப்பில் சின்னதாகத் தெரியுமே, எத்தனை கமென்ட், எத்தனை அட்டாச்மென்ட் என்று, அந்த எண்கள் அங்கே இருக்கும். எல்லாக் கார்டுகளின் கமென்ட் எண்ணையும் கூட்டுங்கள். பிறகு செயல்கள் பகுதியில் வகை 'கமென்ட்கார்டு' என்று இருப்பவற்றை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல், இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக அடித்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் தேடலில் 'கவுன்ட்' பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை வந்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரி. முதலாவது 2,300, இரண்டாவது 410 என்றால் மீதி 1,890 கமென்ட் உங்களிடம் இல்லை.

விடுபட்டதை எடுக்க ஏ.பி.ஐ. (நிரல் வழியாகத் தகவலைக் கேட்டு வாங்கும் வாசல்) தான் வழி. போர்டின் செயல்களைக் கேட்கும் அழைப்பில் வகையைக் கமென்ட் என்று மட்டும் குறுக்கி, ஒரு தடவைக்கு 1,000 என்று கேளுங்கள். வந்த பட்டியலின் கடைசிச் செயலின் அடையாளக் குறியை 'பிஃபோர்' என்ற அளவுருவில் கொடுத்து மறுபடி கேளுங்கள். காலிப் பட்டியல் வரும்வரை இப்படியே பின்னோக்கிப் போகலாம்.

இன்னொன்று. பழைய ஜேசன் கோப்புகளை இடம் அடைக்கிறதென்று அழிக்காதீர்கள். மார்ச் மாதக் கோப்பில் இருப்பது மார்ச் வரையிலான ஆயிரம், ஏப்ரல் கோப்பில் இருப்பது அடுத்த ஆயிரம். 'கடைசி ஏழு போதும், மற்றதைத் தூக்கு' என்ற பொதுவான பேக்கப் விதி இங்கே நஷ்டத்தில் முடியும். ஒவ்வொரு செயலுக்கும் தனி அடையாளக் குறி இருப்பதால், பின்னால் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து இரட்டிப்பை நீக்குவது சுலபம். ஆயிரம் செயல் தீர்வதற்குள் அடுத்த எக்ஸ்போர்ட்டை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கேள்வி: சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாக வருகிறது. எக்ஸ்போர்ட்டே கெட்டுவிட்டதா?
– பதிப்பக ஊழியர், மதுரை

பதில்: தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி கோடு போட்ட 'ஏ' என்று வரிசையாக வருகிறதா? அப்படியென்றால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி ஆங்கில எழுத்தாக எண்ணிப் படித்திருக்கிறது. தமிழ்க் குறியீடு எல்லாமே ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது.

கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்காதீர்கள். காலி எக்செல் தாளில் 'டேட்டா' தாவலுக்குப் போய் 'ஃப்ரம் டெக்ஸ்ட் ஆர் சி.எஸ்.வி.' தேர்ந்தெடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற பெட்டியில் '65001: யூனிகோட்' வையுங்கள். பக்கத்திலேயே தரவு வகையைக் கண்டுபிடிக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் போகும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். கார்டு விளக்கத்தில் வரி உடைத்து எழுதியிருந்தால் சில சமயம் எக்செல் ஒரு கார்டையே பல வரிசையாகச் சிதறடிக்கும். அப்போது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்து பாருங்கள். அது திறக்கும்போதே எழுத்து முறையைக் கேட்கும், வரி உடைப்பையும் ஒழுங்காகக் கையாளும்.

உண்மையான ஆபத்து சேமிக்கும்போதுதான். தமிழ் சரியாகத் தெரிகிற கோப்பைச் சாதாரண 'சி.எஸ்.வி. கமா டிலிமிட்டட்' என்று எக்செலில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கோடு போட்ட 'ஏ'யை மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது. 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்று தனியாக ஒரு வகை பட்டியலில் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது, மூலக் கோப்பைத் தொடாமல் விட்டுவிட்டு எக்செல் வகையில் வேறொரு பிரதி வைத்துக்கொள்வது.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனம். அவர்களே பேக்கப் வைத்திருக்க மாட்டார்களா? நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?
– ஒப்பந்ததாரர், திருச்சி

பதில்: வைத்திருப்பார்கள். அது அவர்களுக்காக. 2017-ல் ட்ரெல்லோவை 42.5 கோடி டாலருக்கு வாங்கிய அட்லாசியன் நிறுவனத்தில் நடந்ததையே பாருங்கள். 2022 ஏப்ரல் 5-ம் தேதி, பழைய செயலி ஒன்றை நீக்க எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு, செயலிகளின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களின் எண்கள் போய்விட்டன. 23 நிமிடத்தில் 883 தளங்கள் அழிந்தன. அந்த நிறுவனத்தின் மற்ற அலுவலகக் கருவிகளான ஜிரா, கான்ஃப்ளுவென்ஸ் பயன்படுத்திய 775 வாடிக்கையாளர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. எல்லோருக்கும் திரும்பக் கிடைத்து முடிய ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. மொத்த அமைப்பையும் பழைய நிலைக்குத் திருப்ப வழி இருந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரின் தகவலை மீட்கவும் வழி இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்பில், அவர்களைத் தொடாமல், நடுவில் சில நூறு பேரை மட்டும் தானியங்கியாக மீட்க வழி இல்லை. அதனால்தான் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் 'நாளைக்கு யார் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும்' என்று பார்க்க ஒரு பழைய சி.எஸ்.வி. இருந்தால் வேலையை நடத்தியிருக்கலாம்.

இது ஒரு முனை. மறுமுனையில், உங்கள் ஆள் ஒருவரே கார்டை அழித்துவிட்டால் எந்த நிறுவனமும் அதைத் தேடித் தராது. தினமும் நடப்பது இதுதான்.

கேள்வி: வேலையை விட்டுப் போன ஒருவர் கார்டுகளை அழித்துவிட்டார். மீட்க முடியுமா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: ஆர்க்கைவ் செய்திருந்தால் மெனுவில் 'ஆர்க்கைவ்டு ஐட்டம்ஸ்' போய்த் திரும்பக் கொண்டுவரலாம். போர்டை மூடியிருந்தால் மூடிய போர்டுகள் பட்டியலிலிருந்து மறுபடி திறக்கலாம். 'டெலிட்' கொடுத்திருந்தால், கார்டானாலும் போர்டானாலும் போனது போனதுதான். ட்ரெல்லோவில் குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. போர்டில் சாதாரண உறுப்பினராக இருப்பவரே கார்டை டெலிட் செய்ய முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே ஒரு எக்ஸ்போர்ட் எடுங்கள். சந்தேகப்பட அல்ல, வழக்கமாக.

கேள்வி: ஜேசனில் கார்டு உருவான தேதியைக் காணோம். வாடிக்கையாளர் புகார் எப்போது வந்தது என்று காட்ட வேண்டும்.
– சேவை மைய மேலாளர், சேலம்

பதில்: தேதி என்று தனியாக இருக்காது. ஆனால் கார்டின் அடையாளக் குறிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 24 எழுத்துக் குறியில் முதல் எட்டு, பதினாறடிமான முறையில் எழுதிய நேரம்: 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்பது. எக்செலில் முதல் எட்டு எழுத்தை இடப்பக்கமிருந்து வெட்டி எடுத்து, பதினாறடிமானத்தைத் தசம எண்ணாக்கும் HEX2DEC என்ற சார்பில் போடுங்கள். வருவதை 86,400-ஆல் வகுத்து 25,569 கூட்டுங்கள். நம் நேரத்துக்கு மேலும் ஐந்தரை மணியை, அதாவது 5.5-ஐ 24-ஆல் வகுத்து வருவதைக் கூட்டி, அந்தக் கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுங்கள்.

சரிபார்க்க ஒரு எண்: 65920080 என்று தொடங்கினால் 2024 ஜனவரி 1, காலை 5.30 வர வேண்டும். ஒரே எச்சரிக்கை, குறியை எக்செல் எண்ணாக மாற்றிவிடாமல் அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுங்கள்.

கேள்வி: அட்டாச்மென்ட்டுகளை மொத்தமாக இறக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். எல்லாமே மறுக்கப்படுகிறது. சுட்டியை பிரவுசரில் திறந்தால் வருகிறதே?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: பிரவுசரில் நீங்கள் லாகின் செய்திருக்கிறீர்கள், அதனால் வருகிறது. ட்ரெல்லோவின் மற்ற ஏ.பி.ஐ. அழைப்புகளில் கீயையும் (உங்கள் நிரலின் அடையாளம்) டோக்கனையும் (உங்கள் கணக்கின் அனுமதிச் சீட்டு) முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பினாலே போதும். அட்டாச்மென்ட்டை இறக்கும் முகவரிக்கு மட்டும் அது செல்லாது. இரண்டையும் அழைப்போடு தனியாகப் போகும் 'ஆத்தரைசேஷன்' ஹெட்டரில், ஓஆத் (OAuth) வடிவில் அனுப்ப வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்.

அடுத்து வரப்போகும் சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். ஸ்க்ரீன்ஷாட்டை நேராகக் கார்டில் ஒட்டுபவர்களால் போர்டு முழுக்க ஒரே பெயரில் நூறு படங்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இறக்கினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கடைசியில் ஒரே படம் மிஞ்சும். ஸ்கிரிப்ட்டும் எந்தப் பிழையும் சொல்லாது. கார்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்புப் பெயரின் முன்னால் அட்டாச்மென்ட்டின் அடையாளக் குறியைச் சேருங்கள். ஃபோல்டருக்குக் கார்டின் தமிழ்த் தலைப்பையே வைக்கும் ஆசை வரும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் என்றால் 85 குறியீடு. 'கூ' என்பதே இரண்டு குறியீடு என்பதால் நீளமான தலைப்பு சீக்கிரமே முட்டிக்கொள்ளும். குறியைப் பெயராக வைத்து, தலைப்பை உள்ளே ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பது உத்தமம்.

கூகுள் டிரைவிலிருந்து இணைத்தவை இறங்காது. அங்கே இருப்பது வெறும் சுட்டி. கோப்பின் சொந்தக்காரர் டிரைவில் அழித்தால் அதோடு சரி. அதற்குத் தனியாக டிரைவிலிருந்தே பேக்கப் எடுக்க வேண்டும்.

கேள்வி: தினமும் இரவு தானாக ஓடும்படி பேக்கப் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. என்ன தவறு?
– தணிக்கையாளர் அலுவலகம், ஈரோடு

பதில்: கோப்பின் அளவைப் பாருங்கள். பத்துப் பதினைந்து பைட் மட்டும் என்றால், திறந்து பார்த்தால் 'இன்வேலிட் டோக்கன்' என்ற இரண்டு சொல்தான் இருக்கும். டோக்கன் எடுக்கும்போது அதன் ஆயுளைக் கேட்கும்: ஒரு மணி நேரம், ஒரு நாள், 30 நாள், என்றென்றைக்கும். யாரோ 30 நாள் கொடுத்திருப்பார்கள். அது முடிந்த இரவிலிருந்து ஸ்கிரிப்ட் மறுப்புச் செய்தியையே போர்டு என்று சேமித்துக்கொண்டிருக்கும்.

இதைவிட நயமாக ஏமாற்றுவது, டோக்கன் செல்லுபடியாக இருந்து, அதன் சொந்தக்காரரைச் சில போர்டுகளிலிருந்து நீக்கியிருப்பது. டோக்கன் என்பது ஒரு மனிதரின் கண். அவருக்குத் தெரியாத போர்டு ஸ்கிரிப்ட்டுக்கும் தெரியாது. நேற்று பன்னிரண்டு போர்டு, இன்று ஒன்பது என்று சத்தமில்லாமல் குறையும். பேக்கப்புக்கென்றே ஒரு தனிக் கணக்கு உருவாக்கி எல்லா போர்டிலும் சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் இலவச ஒர்க்ஸ்பேஸில் பத்துப் பேர் என்ற வரம்பில் அதுவும் ஒன்றாகக் கணக்காகும்.

வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு டோக்கனுக்குப் பத்து விநாடிக்கு 100 அழைப்பு, ஒரு கீக்கு 300 என்பது வரம்பு. மீறினால் 429 என்ற பிழை எண் வரும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாகக் கேட்கும் ஸ்கிரிப்ட் இதில் மாட்டும். அழைப்புகளுக்கு நடுவே கொஞ்சம் நிறுத்தி, 429 வந்தால் பத்து விநாடி காத்திருந்து திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைப் பாருங்கள். அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். இரவு இரண்டு மணி வேலை எப்படி ஓடும்? நேரத்தை மாலை ஐந்துக்கு மாற்றுங்கள். அதோடு, தவறிய வேலையைக் கணினி திறந்ததும் ஓட்டச் சொல்லும் கட்டம் ஒன்று 'செட்டிங்ஸ்' தாவலில் டிக் இல்லாமல் இருக்கும், அதற்கு டிக் போடுங்கள். லேப்டாப் என்றால் 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓட்டு' என்ற கட்டம் 'கண்டிஷன்ஸ்' தாவலில் டிக்கோடு இருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட்டின் முடிவில் மூன்று சோதனை சேருங்கள்: கோப்பு நெளிவு அடைப்புக்குறியில் தொடங்குகிறதா, போர்டு எண்ணிக்கை நேற்றையதைவிடக் குறைந்திருக்கிறதா, கோப்பின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழா. மூன்றில் ஒன்று தவறினாலும் மின்னஞ்சல் வரட்டும். வெற்றிச் செய்தி தினமும் வந்தால் ஒரு வாரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஜேசன் கோப்பை ட்ரெல்லோவில் திரும்ப ஏற்றுவது எங்கே இருக்கிறது? மெனு முழுக்கத் தேடிவிட்டேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. ஜேசனை வெளியே கொடுக்கும் ட்ரெல்லோ அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. 'பேக்கப் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை அவசரத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முன்னதாகவே தேடியது நல்லது.

சின்ன போர்டுக்குக் கைவழி இருக்கிறது. கார்டுத் தலைப்புகளை வரிக்கு ஒன்றாக ஒரு தாளில் தயார் செய்து, காப்பி செய்து, லிஸ்ட்டின் கீழே புதிய கார்டு எழுதும் பெட்டியில் ஒட்டுங்கள். எத்தனை வரியோ அத்தனை கார்டாகப் பிரிக்கவா என்று ட்ரெல்லோவே கேட்கும். அறுபது கார்டு போர்டின் எலும்புக்கூடு ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். விளக்கமும் செக்லிஸ்ட்டும் கைவேலை.

பெரிய போர்டுக்கு ஏ.பி.ஐ. வழியாக ஸ்கிரிப்ட்தான். வரிசை முக்கியம்: முதலில் போர்டு, பிறகு லேபிள்கள், லிஸ்ட்டுகள், அதன்பின் கார்டுகள், செக்லிஸ்ட், கமென்ட், கடைசியில் அட்டாச்மென்ட். ஒவ்வொன்றும் உருவாகும்போது புதிய குறி கிடைக்கும் என்பதால், பழைய குறிக்கு எந்தப் புதிய குறி என்ற அட்டவணையை ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டே போக வேண்டும். லேபிளை உருவாக்காமல் கார்டை உருவாக்கினால் எந்த லேபிளை ஒட்டுவது?

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில திரும்ப வராது. கமென்ட்டுகள் எல்லாம் ஸ்கிரிப்ட்டை ஓட்டியவர் பெயரில், ஓட்டிய தேதியில் விழும். அதனால் ஒவ்வொரு கமென்ட்டின் தொடக்கத்திலும் மூல ஆளின் பெயரையும் தேதியையும் எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள். கார்டுகளுக்குப் புதிய முகவரி வருவதால், வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பகிர்ந்த பழைய சுட்டிகள் செத்துவிடும். கார்டு விளக்கத்துக்குள் வேறு கார்டின் சுட்டி இருந்தால் அதை மட்டும் அந்த அட்டவணையை வைத்து மாற்றலாம். யார் எப்போது நகர்த்தினார்கள் என்ற வரலாற்றைத் திரும்ப நுழைக்க வழியில்லை. அதை ஜேசனில் வைத்து, தேவைப்படும்போது படிப்பதுதான்.

ஒத்திகையாக, ஒரு சின்ன போர்டை எடுத்து, ஜேசனை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு காலி போர்டில் கட்டிப் பாருங்கள். ட்ரெல்லோவிலேயே இருக்கும் 'காப்பி போர்டு' வசதியை ஒத்திகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கமென்ட்டையும் செயல் வரலாற்றையும் கொண்டுவராது, அதோடு அதே கணக்கில்தான் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: ஆசனா, நோஷன், பேஸ்கேம்ப் இவற்றில்?
– பல வாசகர்கள்

பதில்: ஆசனாவில் திட்டத்தின் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியில் எக்ஸ்போர்ட் இருக்கும். சி.எஸ்.வி.யில் பணிகளும் பொறுப்பாளரும் தேதிகளும் வரும். கமென்ட்டும் கோப்புகளும் வராது. கமென்ட் வேண்டுமென்றால் ஏ.பி.ஐ.யில் 'ஸ்டோரீஸ்' என்ற பெயரில் தேடுங்கள், அங்கே அதற்கு அப்படித்தான் பெயர். அழித்த பணி 30 நாள் வரை மீட்கக் கிடைக்கும், இந்த விஷயத்தில் ட்ரெல்லோவைவிடப் பரவாயில்லை.

பேஸ்கேம்ப் இந்த மூன்றில் மிக நேர்மையாக நடந்துகொள்கிறது. கணக்கின் சொந்தக்காரர் 'அட்மின்லேண்ட்' பகுதியில் கேட்டால், கோப்புகளோடு ஹெச்.டி.எம்.எல். பக்கங்களாகவே தரும். பிரவுசர் இருந்தால் போதும், இருபது வருடம் கழித்தும் படிக்கலாம். நோஷனில் முழு ஒர்க்ஸ்பேஸையும் மார்க்டவுன் (எளிய எழுத்துக் கோப்பு), சி.எஸ்.வி.யாக எடுக்கலாம். பக்கத்துக்குள் பக்கம், அதற்குள் பக்கம் என்று ஃபோல்டர் ஆழமாகப் போவதால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பில் முட்டி, ஜிப் பாதியில் நிற்கும். 7-ஜிப்பை வைத்து, டிரைவின் வேரிலேயே ஒரெழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் பிரியுங்கள்.

கேள்வி: எடுத்த கோப்பை எங்கே வைப்பது? இப்போது கூகுள் டிரைவ் ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். போதுமா?
– தனியார் பள்ளி அலுவலகம், தஞ்சாவூர்

பதில்: ஒரு பிரதிக்குப் போதும். கணினியோடு ஒத்திசையும் ஃபோல்டர் என்றால், கணினியில் அழிந்தது டிரைவிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் பூட்டப்பட்ட கோப்பையும் அக்கறையாக மேலே ஏற்றிவிடும். டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகும். எனவே வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு பிரதி எடுத்து, எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்குக்கும் கணினியின் சொந்த டிஸ்க்குக்கும் வைரஸ் வேறுபாடு பார்க்காது. டிஸ்க் இருப்பதும் கணினி இருப்பதும் வேறு வேறு கட்டடமாக இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளி என்பதால் ஒன்று. கார்டுகளில் பெற்றோர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். 7-ஜிப்பில் கடவுச்சொல்லோடு சுருக்குங்கள். ஜிப் வகை வேண்டாம், 7இசட் வகையைத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்துக்கு டிக் போடுங்கள். ஜிப் வகையில் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர் கடவுச்சொல் இல்லாமலே தெரியும். கடவுச்சொல்லை இரண்டு பேர் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதே ட்ரெல்லோ போர்டில் எழுதி வைக்கக் கூடாது.

கேள்வி: அட்டையில் சந்தா தானாகக் கழியாமல் பிரீமியம் நின்றுவிட்டது. தகவல் போய்விடுமா?
– விளம்பர நிறுவனம், சென்னை

பதில்: அந்த நொடியே போகாது, ஆனால் சி.எஸ்.வி.யும் ஒர்க்ஸ்பேஸ் எக்ஸ்போர்ட்டும் கையைவிட்டுப் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல் அட்டையில் தானியங்கிக் கழிவுக்கு முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தர வேண்டும். ஏழெட்டுப் பேருக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் அந்த வரம்பைத் தாண்டிவிடும், கழிவு தோற்கும், மின்னஞ்சல் யாரோ ஒருவருடைய பெட்டியில் படிக்காமல் கிடக்கும். புதுப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பு முழு ஒர்க்ஸ்பேஸ் எக்ஸ்போர்ட் எடுப்பதையே ஒரு கார்டாகப் போட்டு, கெடு தேதி வையுங்கள்.

கேள்வி: இலவசமாக 'ஒரே சொடுக்கில் பேக்கப்' என்று சொல்லும் பவர்-அப்கள் (ட்ரெல்லோவில் சேர்க்கும் துணைச் செயலிகள்), பிரவுசர் நீட்டிப்புகளை நம்பலாமா?
– கல்லூரி விரிவுரையாளர், புதுச்சேரி

பதில்: அனுமதி கேட்கும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பேக்கப்புக்குப் படிக்கும் அனுமதி போதும். எழுதும் அனுமதியும் கேட்டால் எதற்கு என்று அந்த நிறுவனத்தின் பக்கத்தில் விளக்கம் இருக்க வேண்டும். திரும்ப மீட்டுத் தருவதாகச் சொல்லும் சேவைகளுக்கு அது தேவைதான், வெறும் சி.எஸ்.வி. தரும் நீட்டிப்புக்குத் தேவையில்லை. கோப்பு உங்கள் கணினிக்கு இறங்குகிறதா, அவர்கள் சர்வரில் தங்குகிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது ட்ரெல்லோ கணக்கின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அப்ளிகேஷன்ஸ்' தலைப்பின் கீழ் இருக்கும். பயன்படுத்தாதவற்றுக்கு எதிரே 'ரிவோக்' அழுத்திவிடுங்கள். உங்கள் சொந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டின் டோக்கனும் அதே பட்டியலில்தான் இருக்கும், அதைச் சேர்த்து நீக்கிவிடாதீர்கள்.